கருப்பட்டிப் பேரேடு: ராதாபுரத்தார் நினைவுகள் சில

ராதாபுரம் என்னும் பெயரைக் கேட்டதும் இன்று வெளியூரார் நெஞ்சில் தோன்றுபவை இரண்டு செய்திகள். ஒன்று, அவ்வட்டத்தின் கடற்கரையில் அமைந்துள்ள கூடங்குளம் அணுமின் நிலையம். மற்றொன்று, 2016ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் 49 வாக்கு வேறுபாட்டில் முடிவு அறிவிக்கப்பெற்று, வழக்கு மன்றம் வரை சென்ற தொகுதி அது என்பது. இரண்டும் மெய்யே. ஆயினும் அங்கே பிறந்து வளர்ந்த முதியோர் அருகில் அமர்ந்து, “உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால், இவ்விரண்டில் ஒன்றையேனும் அவர்கள் முதலில் சொல்வதில்லை. காற்றைச் சொல்கிறார்கள், கிணற்றைச் சொல்கிறார்கள், பனையைச் சொல்கிறார்கள்.

நெல்லைச் சீமை என்றவுடன் பொருநையும் அதன் இரு மருங்கிலும் விளையும் நெல்வயல்களுமே புலவர் பெருமக்கள் நாவில் முந்தி வருவன. ஆனால் அச்சீமையின் தென்கோடி வேறொரு நாடு. தாமிரபருணியின் வாய்க்கால்கள் அங்கே எட்டுவதில்லை. மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் திறக்கிறது. அதன் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பாய்ந்து வரும் காற்று மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. குற்றாலத்திற்குச் சாரல், ராதாபுரத்திற்குப் புழுதி. செம்மண்ணும் தேரி மணலும் கலந்த அந்நிலத்தில் திருக்குறுங்குடி மலையிலிருந்து இறங்கும் நம்பியாறு மழைக்காலத்தில் மட்டும் ஆறாக இருக்கும். மற்றைய நாளில் அது மணல்வழி. எத்தனை மாதம் வானம் பொய்த்தாலும் நிமிர்ந்து நின்ற ஒரே உயிர் பனை.

ஊரின் பழைய அரசியல் வரலாற்றை நான் விரித்தெழுதப் புகவில்லை. ராதாபுரத்துச் சிவன் கோயில் வரகுணபாண்டீசுவரர் பெயரால் வழங்குவது பாண்டியர் தொடர்பைக் காட்டும். அதை ஆராய்வோர் ஆராய்க. நான் கூற விரும்புவது வீட்டுத் திண்ணைகளில் கிடக்கும் வரலாற்றைப் பற்றி.

திண்ணைப் பேச்சு வரலாறாகுமா என்று நம்மவருள் சிலர் கேட்பதுண்டு. ஊர் வரலாற்றை அந்த ஊர் மாந்தரைக் கொண்டே எழுதிய மரபு நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதி தம் நகரின் சரித்திரத்தை எழுதியபோது, நகரின் அமைப்பை முதலில் கூறிவிட்டு, எஞ்சிய பெரும்பகுதியை அந்நகரில் வாழ்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வரலாறுகளுக்கே ஒதுக்கினார். ஹிஜ்ரி 571இல் மறைந்த இப்னு அஸாகிர் திமிஷ்க் நகருக்கு அவ்வாறே செய்தார். அது அச்சில் எண்பது பாகம். மதில்களும் வாயில்களும் ஊரல்ல, மக்களே ஊர் என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அவர்கள் எழுதியது பெரும்பாலும் அறிஞர்களைப் பற்றி. பனையேறியையும் கிணறு வெட்டியையும் பற்றியதன்று. அக்குறை அவர்களுடையது மட்டுமன்று. நம் நாட்டு வரலாற்று நூல்களும் அப்படித்தான்.

ராதாபுரம் வட்டத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. கால்டுவெல் பாதிரியார் 1841ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்தத் தேரி மணலே அவர் வீடாயிற்று. 1856இல் வெளிவந்து தமிழர் தலைநிமிரக் காரணமான ஒப்பிலக்கணமும், 1881இல் வந்த திருநெல்வேலிச் சரித்திரமும் அவர் அங்கே வாழ்ந்த காலத்தில் எழுதியவை. தெருக்களை நேராக வகுத்தார், கிணறு தோண்டினார், 1880இல் நிறைவெய்திய தேவாலயத்தை எழுப்பினார், 1891இல் கோடைக்கானலில் இறந்து இடையன்குடி மண்ணிலேயே அடக்கமானார். அவர் துணைவியார் எலிசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்தார். இவ்வளவும் செய்த அதே மனிதர் 1849இல், தம்மைச் சுற்றி வாழ்ந்த பனையேறும் சமூகத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அந்நூலில் தங்களைப் பற்றிய கூற்றுகளை அச்சமூகத்தார் பின்னாளில் அறிந்து கொதித்தெழுந்தனர், மறுத்து எழுதினர். அவர் நல்லவர்; ஊரிலேயே வாழ்ந்தவர்; தமிழ் அறிந்தவர். அவ்வளவு இருந்தும், எழுதுகோல் அவர் கையில் இருந்தது, எழுதப்பட்டவர் கையில் இல்லை. பிணக்கின் வேர் இதுவே என்பது என் கருத்து. இதை மனத்திற் கொண்டே அடுத்துவரும் செய்திகளைப் படிக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறேன்.

நான் பிறந்தது ராதாபுரத்துக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூர். ஓதப் போனது, பின்னர் ஓதிக் கொடுப்பது, எல்லாம் வெளியூர்களில். விடுமுறைக்கு மட்டும் ஊர் செல்பவனாகவே முப்பது ஆண்டுகள் கழிந்தன. சென்ற சில ஆண்டுகளாக, அவ்வாறு செல்லும் போதெல்லாம் எண்பதைக் கடந்தவர்களைத் தேடிச் சென்று பேசி, கேட்டதைக் குறித்து வருகிறேன். ஹதீஸ் கலையில் பழகியவனுக்கு இவ்வேலையில் ஒரு வசதி உண்டு. யார் சொன்னார், அவர் கண்டதா கேட்டதா, கேட்டதாயின் யாரிடம் என்று வினவாமல் அவன் எதையும் குறித்துக்கொள்ள மாட்டான். நபிமொழிக்கு நிகராக இவற்றை நான் வைக்கவில்லை. அந்தச் சல்லடையை மட்டும் கடன் வாங்கியிருக்கிறேன். முதுமையில் நினைவு கலங்கிய அறிவிப்பாளர்களை ஹதீஸ் கலைஞர்கள் முற்றாகத் தள்ளிவிடவில்லை. அதாஉ இப்னுஸ் ஸாயிப் போன்றோரிடம் கலக்கத்திற்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து, முன்னதை ஏற்றார்கள். “கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது” என்று சொல்லி எழுந்து வந்துவிடும் பிள்ளைகள் இந்நுணுக்கத்தை அறிய வேண்டும். நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவர், எழுபது ஆண்டுக்கு முன் ஏறிய பனைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுவதை நான் கேட்டிருக்கிறேன். ஆம், பனைகளுக்குப் பெயர் இருந்தது. கூனல்பனை, இரட்டைப்பனை, சுடலை கோயில் பனை.

அவர்கள் காலத்தை எண்ணும் முறையே தனி. ஆண்டு எண் யாருக்கும் தெரியாது. தனுஷ்கோடிப் புயலுக்கு மறு வருஷம் பிறந்தவள் என்றார் ஓர் அம்மையார், அப்படியானால் 1965. கொழும்பிலிருந்து தம் வாப்பா கடையைக் கட்டிவிட்டு வந்த ஆண்டு என்பார் இன்னொருவர். வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷம் என்பது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான ஆண்டுக் கணக்கு.

அந்த வாய்க்காலைப் பற்றி ஒரு சொல். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, ராதாபுரத்துக்கு மேற்கே மலைக்கு அப்பால்தான் இருந்தது. ஆயினும் அது வேறு ஆட்சியின் நீர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரே, அந்நீரை இப்பக்கம் திருப்பும் பேச்சுக்கு வழி பிறந்தது. ராதாபுரம் கால்வாய் என வழங்கும் அத்திட்டத்தில் 52 குளங்கள் வாயிலாகவும் நேரடியாகவும் 17,000 ஏக்கர் பாசனம் கணக்கிடப்பட்டுள்ளது. கணக்கு அரசாங்கத்தது. கடைமடைக்காரரைக் கேட்டால் அவர் வேறு கணக்குச் சொல்வார். முதல் தண்ணீர் வந்த அன்று, பிள்ளைகளோடு பெரியவர்களும் ஓடிப்போய் அதன் முன்னே பின்னோக்கி நடந்து வந்தார்களாம்; நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வந்த அந்நீரில் முதலில் காலை நனைப்பது யார் என்று போட்டி. இதைச் சொன்ன அம்மையார் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

அதற்கு முந்திய வாழ்வு பனையின் வாழ்வு. தை பிறந்தால் பாளை விடும். ஆடி வரை பதநீர். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, அதனுள் பாளை அருவாள், சுண்ணாம்பு, கலயம். பாளையைக் கடிப்பால் இடுக்கி, நாளும் காலையும் மாலையும் மெல்லிய சீவல் சீவ வேண்டும். ஒருநாள் தவறினால் பாளை காய்ந்துவிடும், பிறகு அது பால் தராது. நாற்பது ஐம்பது பனை ஏறி இறங்கியவரின் நெஞ்சில் கட்டை போன்ற காய்ப்பு இருக்கும். இறக்கிய பதநீரை விடிலியில் பெண்கள் காய்ச்சுவர். புகையில் கண்ணும் நெருப்பில் கையும் வெந்து, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி, ஆறியபின் தட்டி எடுத்து ஓலைச் சிப்பமாகக் கட்டுவர். ஆணின் உழைப்பைப் பாடியவர் உளர். விடிலியில் நின்ற பெண்ணின் உழைப்பைக் கணக்கிட்டவர் எவருமில்லை. குழந்தைகளுக்குத் தவுணும் நுங்கும் கிழங்கும் உண்டு. பட்டை ஓலையில் பதநீர் குடித்த வாய்க்கு வேறெதுவும் இனிக்காது. இன்றைய முதியோர் இளமையை நினைத்து மகிழும் போது சொல்வன இவையே. நானும் அப்பட்டையில் குடித்தவன்.

ஆனால் மகிழ்ச்சியாகச் சொல்லப்படும் நினைவு முழு நினைவன்று. அதே வட்டத்து வடக்கன்குளத்தில் 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்றதை அவ்வூரார் பெருமையோடு சொல்வர். 2022இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதே ஊரில் 1872இல் எழுந்த கோயில், இரு சாதியார் ஒருவரையொருவர் காணாது வழிபடும் வண்ணம் நடுவே பிரிக்கப்பட்டிருந்ததை அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. அத்தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது. பிறர் வீட்டுச் சுவரைச் சுட்டிக்காட்டுவது எனக்கு எளிது. என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன்.

என் பெத்தாப்பா கருப்பட்டி வணிகம் செய்தவர். சுற்று வட்டாரத்து விடிலிகளில் சிப்பம் எடுத்து வண்டியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்புவார். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி வழங்கிய செய்தி ஒன்றே. ஐப்பசி, கார்த்திகையில் பனையில் வேலை இல்லாத காலத்தில், பசியோடு வந்த பனையேறிகளுக்கு நெல்லும் ரொக்கமும் அள்ளிக் கொடுத்தவர்; அவர் வாசலில் வெறுங்கையோடு திரும்பியவர் இல்லை. என் வாப்பும்மா இதைச் சொல்லாத நாளில்லை. நானும் ஜும்ஆப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டியிருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பழைய வீட்டின் மச்சைப் பிரித்தபோது அவருடைய பேரேடு கிடைத்தது. அஃது அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. அரபு எழுத்தோடு ட, ப, ங முதலிய தமிழ் ஒலிகளுக்கென மாற்றிய எழுத்துகளும் சேர்த்துத் தமிழை எழுதும் இம்முறை, நம் பாட்டிமார் கொழும்புக்குக் கடிதம் எழுதியதும், மார்க்க நூல்களைப் படித்ததுமான முறை. இன்று அதை வாசிக்கத் தெரிந்தவர் அருகிவிட்டனர். ஏட்டில் ஆண்டு இல்லை. தமிழ் மாதம் மட்டும் உண்டு. ஆயினும் ஒரு பக்கம் வரை ரூபாய், அணா, பைசா எனச் சென்ற கணக்கு, அடுத்த பக்கத்தில் நயா பைசாவுக்கு மாறுகிறது. தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1இல். பங்குனி முடியும் தறுவாயில் என் பெத்தாப்பா பழைய கணக்கைப் புதிய காசுக்கு மாற்ற முயன்று இருமுறை அடித்தெழுதியிருப்பது, அந்த ஆண்டையே கண்முன் நிறுத்துகிறது.

ஒவ்வொரு பனையேறிக்கும் ஒரு பக்கம். மேலே கொடுத்தது: நெல் இரண்டு மரக்கால், ரொக்கம் ஐந்து ரூபாய், மகள் காதுகுத்துக்கு மூன்று ரூபாய், மருந்துக்கு எட்டணா. கீழே வாங்கியது: இத்தனை சிப்பம். கொடுத்தபோது, சிப்பத்தின் விலை என்ன என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. விலை பின்னர் வேறு மையில், பருவம் உச்சத்தில் இருந்து சந்தையில் கருப்பட்டி மலிந்து கிடந்த வைகாசியில், நிரப்பப்பட்டிருக்கிறது.

இதன் பொருளை ஃபிக்ஹு ஓதியவனுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற அன்பர்களுக்காகச் சொல்கிறேன். விளையப் போகும் பொருளுக்கு முன்னரே பணம் கொடுத்து வாங்குவது மார்க்கத்தில் ஆகும். அதற்கு ஸலம் என்று பெயர். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: விலை முழுதும் அந்த இடத்திலேயே கொடுக்கப்பட வேண்டும், பொருளின் இனம், தரம், அளவு, ஒப்படைக்கும் காலம் யாவும் அப்போதே தெளிவாகப் பேசி முடிக்கப்பட வேண்டும். பொருள் இவ்வளவு என்பதைப் பிறகு ஒருவர் தம் விருப்பப்படி நிர்ணயிப்பதாயின் அது ஸலம் அன்று. கடன் கொடுத்து, அக்கடனைக் காட்டிப் பொருளை மலிவாகப் பெறுவது என்னவாகும் என்பதற்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. என் பெத்தாப்பா ஐவேளை தொழுகை தவறாதவர். வட்டி என்ற சொல்லையே வெறுத்தவர். தாம் செய்தது ஸலம் என்றே அவர் நம்பியிருக்க வேண்டும்.

ஏட்டை எடுத்துக்கொண்டு, அதில் தந்தை பெயர் உள்ள ஒரு முதியவரைத் தேடிப் போனேன். பதினான்கு வயதில் பனையேறத் தொடங்கியவர். இப்போது கயிற்றுக் கட்டிலோடு இருக்கிறார். என் பெத்தாப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

“நல்ல மனுசன் மாமா. பசின்னு போனா இல்லைன்னு சொன்னது கிடையாது” என்றார். அறுபதை நெருங்கும் என்னை அவர் மாமா என்றழைத்தது அவ்வூர் வழக்கம். சாதி சமயம் கடந்து முறை வைத்து அழைப்பது. சற்று நேரம் கழித்து, “ஆனா எங்கய்யா சாகுறவரை அந்தக் கணக்கு தீரல. நாங்க காய்ச்சுன கருப்பட்டிய நாங்க வாயில வச்சது கிடையாது. கருப்பட்டிக் காப்பியே எங்க வீட்டுல அய்யா செத்த பொறவுதான் போட்டோம்” என்றார்.

இரு வீட்டு நினைவும் ஒரே மனிதரைப் பற்றியவை. உஸூல் கலையில் ஒரு விதி உண்டு: ஒன்று உண்டு என்பவரும் இல்லை என்பவரும் முரண்பட்டால், உண்டு என்பவர் கூற்றுக்கே முதலிடம், இல்லை என்பவர் அறியாத ஒன்றை அவர் அறிந்திருக்கிறார். அநீதி எதையும் அறியோம் என்பது என் வீட்டு நினைவு. தீராத கணக்கை அறிந்தது அவர் வீட்டு நினைவு. போதாக்குறைக்கு, என் பெத்தாப்பாவின் கையெழுத்தே அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. தன்மீது தானே உரைக்கும் இக்ராரை விட வலிய சான்று எது?

திருமறையின் மிக நீண்ட வசனம் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, கடன் எழுதுவதைப் பற்றியது. கடன் பத்திரத்தைச் சொல்லி எழுதவைக்க வேண்டியவர் கடன் பட்டவரே என்று அது விதிக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்க்கு இவ்விடத்தை விளக்கும்போது, ஏன் கொடுத்தவர் சொல்லக்கூடாது என்று யாரேனும் கேட்பார்கள். தஃப்ஸீர்களில் உள்ள விடையையே நானும் சொல்லி வந்தேன். பெத்தாப்பாவின் ஏட்டில், கடன் பட்டவர் சொல்லி எழுதியது ஒரு வரியும் இல்லை. அவர்கள் படிக்கவே இயலாத எழுத்தில் அது இருந்தது. மறைக்கும் எண்ணத்தில் அவர் அப்படி எழுதவில்லை, அவருக்குத் தெரிந்த எழுத்து அதுதான். ஆயினும் விளைவு ஒன்றே.

இவற்றை எழுதுவது குடும்பத்துப் பெரியவரைக் குறைகூறுவதாகும் என்று என் உறவினர் சிலர் வருந்துகின்றனர். கரிசல் மண்ணுக்குக் கி. ராஜநாராயணன் வாய்த்தார், 1982இலேயே அம்மண்ணின் சொற்களுக்கு ஓர் அகராதி கண்டார். தேங்காய்ப்பட்டணத்துக்குத் தோப்பில் முஹம்மது மீரான் வாய்த்தார். 1988இல் நூலாக வந்த அவருடைய கடலோர கிராமத்தின் கதையில் நம் சமூகத்துப் பெரிய வீடுகளின் கொடுமை மறைக்கப்படவில்லை. அவரையும் அன்று பலர் கடிந்துகொண்டனர். இன்று அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். ராதாபுரத்துச் செம்மண்ணுக்கு இன்னும் அப்படி ஒருவர் வரவில்லை. வரும்வரை, ஏடு கையில் உள்ளவர்கள் அதை மறைக்காமல் இருந்தால் போதும்.

பனையும் குறைந்துவிட்டது. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். என்றாலும் செங்கல் சூளைக்கு வெட்டுண்டவை எத்தனையோ. மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனை வெட்டலாகாது என்ற அறிவிப்பு 2021இல்தான் வந்தது. முன்பு புழுதியை மட்டும் கொண்டுவந்த ஆடிக் காற்று இன்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஏறுவார் இல்லாத பனைகள் அவற்றின் கீழே நிற்கின்றன. அவர் பிள்ளைகள் வெளியூர்களில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். என் பெத்தாப்பாவின் பேரர்களில் கருப்பட்டி விலை அறிந்தவர் ஒருவருமில்லை.

இரு வீட்டாரும் ஒத்துச் சொன்ன நினைவு ஒன்று உண்டு. நம்பியாறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள ஆற்றங்கரைப் பள்ளிவாசலில் கந்தூரி நடக்கும்போது, பெத்தாப்பாவின் வண்டியிலேயே பனையேறிகளின் பிள்ளைகளும் ஏறிச் செல்வார்கள். இரவு முழுதும் மணலில் படுத்துக் கடலோசை கேட்டதை முதியவர் சொன்னார். என் வாப்பும்மா சொன்ன அதே வண்டி, அதே வெள்ளைக் காளை, காளையின் அதே பெயர். இதை முத்தஸில் என்றே குறித்துக்கொண்டேன்.

புறப்படும்போது, “அதுல எங்கய்யா பேரு இருக்குன்னீங்களே, வாசிங்க” என்றார். வாசித்தேன். நெல் இரண்டு மரக்கால், ரொக்கம் ஐந்து ரூபாய், மகள் காதுகுத்துக்கு மூன்று ரூபாய் என்று வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அது எங்க அக்கா. இப்ப இல்ல. அந்த வரிய இன்னொரு தடவ வாசிங்க மாமா.”

மறுமுறை வாசித்தேன். பிறகு அந்தப் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதித் தரச் சொன்னார். அங்கேயே அமர்ந்து எழுதிக் கொடுத்தேன்; விலை நிரப்பியிருந்த அந்த வேறு மை வரியையும் விடாமல்.